காடு நமது சேமநிதி

கூட்டுறவுச் சங்கத்தின் ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்த அங்கத்தினர் எவருக்கும் ஓர் உண்மை விளங்கும். ஆண்டு இலாபம் முழுவதையும் பங்கு ஈவாகப் பிரித்துக்கொள்ளும் சங்கம் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆதலினாலேயே, நிகர இலாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியில் சேர்த்த பின்னரே ஈவு வழங்க வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. காடும் இத்தகைய சேமநிதியே ஆகும். வறண்ட பல்லடம் வட்டாரத்தில் நெசவும் வேளாண்மையும் செய்து வாழும் நமக்குக் காட்டைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நம் வாய்க்காலில் வரும் நீரின் வழியைப் பின்பற்றிச் சென்றால் அதற்கு விடை கிடைக்கும்.

நீர் வரும் வழி

பல்லடம் மழைமறைவுப் பகுதியில் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி ஆனைமலையிலேயே பெய்துவிடுகிறது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு, இந்தியாவில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அம்மலைப் பகுதியில் ஓடும் நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், ஆழியாறு முதலிய எட்டு ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்து, 1960-களில் உருவாக்கப்பட்டதே பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். அந்நீர் சர்க்கார்பதியிலிருந்து மலைச்சரிவை ஒட்டிச் செல்லும் காண்டூர் கால்வாய் வழியாக ஏறத்தாழ 49 கிலோமீட்டர் கடந்து திருமூர்த்தி அணையை அடைகிறது. அங்கிருந்து சுமார் 3.77 இலட்சம் ஏக்கர் நிலத்திற்கு, நான்கு மண்டலங்களாக முறைவைத்து வழங்கப்படுகிறது. நம் மண்டலத்தின் முறை எப்பொழுது வரும் என்று காத்திருக்கும் விவசாயி, உண்மையில் ஆனைமலைக் காட்டின் வாசலிலேயே காத்திருக்கிறார் எனலாம்.

காடு செய்யும் வேலை

காடு மழையை உண்டாக்குகிறதா என்னும் வாதத்தில் நாம் இறங்க வேண்டியதில்லை. பெய்த மழையை அது என்ன செய்கிறது என்பதே நமக்கு முக்கியம். உயர்ந்த மரங்களின் தழையும், அவற்றின் கீழே வளரும் சிறுமரங்களும் செடிகளும் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. தரையில் மக்கிக் கிடக்கும் சருகு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. வேர்களும் மண்புழுக்களும் உண்டாக்கிய துளைகளின் வழியே நீர் நிலத்தினுள் இறங்கி, மழை நின்ற பின்னரும் ஊற்றாகவும் ஓடையாகவும் கசிந்து வருகிறது. உயர்ந்த மேடுகளில் உள்ள புல்வெளிகளும் இப்பணியையே செய்கின்றன.

மரமும் சருகும் நீங்கிய சரிவில் மழை பெய்தால் நிலைமை வேறு. நீர் மண்ணை அரித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். அம்மண் அணையில் வண்டலாகப் படிந்து, நீர் தேங்கும் கொள்ளளவைக் குறைக்கும். மாரியில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் ஒருங்கே நேர்வது இதனாலேயாகும்.

நேர்ந்த கேடுகள்

ஆங்கிலேயர் ஆட்சியில் கப்பல்களுக்கும் இருப்புப் பாதைகளுக்கும் ஆனைமலைத் தேக்கு பெருமளவில் வெட்டப்பட்டது. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்துவிட்ட இடமே இன்றும் டாப்சிலிப் என்று பெயர் தாங்கி நிற்கிறது. 1890-களிலிருந்து வால்பாறை மேட்டுநிலத்தின் மழைக்காடுகள் தோட்டப் பயிர்களுக்காக அழிக்கப்பட்டன. எஞ்சியவை தேயிலைக்கு நடுவே சிறுசிறு துண்டுகளாக நிற்கின்றன. யானைகள் துண்டுக்குத் துண்டு செல்லும்பொழுது தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளைக் கடக்க நேர்கிறது. இதனால் இரு தரப்பிலும் உயிரிழப்பு உண்டாகிறது.

இன்னொரு கேடு பசுமை வேடத்தில் வந்தது. அயல்நாட்டுச் சீகை மரமும் தைல மரமும் மலைப் புல்வெளிகளில் நடப்பட்டன. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி காட்டின் அடித்தளத்தை மூடிக்கொண்டது. அது அடர்ந்த இடத்தில் உள்நாட்டு மரக்கன்று எழுவது அரிது. பச்சையாக இருப்பதெல்லாம் காடு ஆகாது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

மீட்ட முயற்சிகள்

கேட்டை மாற்ற இயலும் என்பதற்கும் ஆனைமலையே சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வன அதிகாரியாக விளங்கிய ஹியூகோ வுட், மரத்தை வேரோடு அழிக்காமல் அடித்தூரை விட்டு வெட்டி, மீண்டும் துளிர்க்கச் செய்யும் முறையைக் கையாண்டார். தேக்கு விதைகளையும் ஊன்றினார். 1933-இல் மறைந்த அவருடைய கல்லறை, டாப்சிலிப்பில் அம்மரங்களின் இடையிலேயே உள்ளது. ஆயினும் ஒரே இனமான தேக்குத் தோப்பு, பல்லுயிர் வாழும் காட்டிற்கு ஈடாகாது. ஆகவே 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னர், வால்பாறையில் இயற்கை ஆர்வலர்கள் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் உள்நாட்டு மரவகைகள் பலவற்றைக் கலந்து நட்டு, சிதைந்த காட்டுத் துண்டுகளைச் சீர்படுத்தி வருகின்றனர். நட்ட மரம் பழுத்தால், இருவாச்சிப் பறவையும் சோலைமந்தியும் விதையைக் கொண்டுசென்று எஞ்சிய வேலையைத் தாமே செய்யும்.

காடர், மலசர், முதுவர் முதலிய மலைவாழ் மக்களின் பங்கும் மறக்கத்தக்கதன்று. காட்டு விளைபொருளைத் திரட்டவும், காட்டைக் காக்கவும் அவர்களுக்குள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டுள்ளது.

வளர்ச்சியை எடு, முதலைத் தொடாதே

ஓர் ஆண்டில் காடு எவ்வளவு வளர்கிறதோ, அதற்கு மேல் வெட்டலாகாது என்பதே நிலைத்த வனப் பராமரிப்பின் அடிப்படை விதி. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் சுரங்கத் தொழிலுக்கு மரப்பஞ்சம் நேர்ந்தபொழுது, கார்லோவிட்ஸ் என்பார் 1713-இல் இக்கருத்தை நூலாக எழுதினார். கொங்குநாட்டு உழவருக்கும் இது புதிதன்று. நம் கொரங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காட்டைப் பல பட்டிகளாகத் தடுத்து, ஒன்றில் மேயும்பொழுது மற்றொன்றில் புல் தழைக்க விடுகிறோம். புல்லின் வேர் முதல். மேய்ந்த தழை வட்டி.

இவ்விதியை நம் தொழிலிலும் கடைப்பிடித்தல் வேண்டும். பாவுக்குக் கஞ்சியிடும் சைசிங் ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் விறகு எரியும் கொதிகலன்கள் பல உள்ளன. ஆகவே நெசவாளரும் காட்டின் கணக்கில் பற்று எழுதியவரே ஆவர். நட்டு வளர்த்த மரத்தின் விறகையும் வேளாண் கழிவையும் மட்டுமே வாங்குவது, நீராவி குளிர்ந்த சுடுநீரைக் கொதிகலனுக்கே திருப்பி விறகைச் சிக்கனப்படுத்துவது, வரப்பிலும் தரிசிலும் வேம்பு, புங்கம், வெள்வேலம் நடுவது ஆகியவை இன்றே இயலும் காரியங்கள். வந்த நீரை வீணாக்காமல் சொட்டுநீர்ப் பாசனத்தில் செலவிடுவதும் காட்டிற்குச் செய்யும் உதவியே.

எடுத்ததை எழுதி, அதற்கு ஈடு செய்வது கூட்டுறவாளரின் பழக்கம். அப்பழக்கம் காட்டின் கணக்கிற்கும் நீளுமாக!

சங்கக் கூட்டத்தில் கலந்து ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்க எல்லைக்குள் ஓராண்டில் எவ்வளவு விறகு எரிக்கப்படுகிறது? அது எங்கிருந்து வருகிறது?

2. அவ்விறகுக்கு ஈடான மரங்களை வளர்க்க நம் அங்கத்தினரிடம் எவ்வளவு தரிசு உள்ளது?

3. நம்மூரில் இன்னும் எத்தனை கொரங்காடுகள் எஞ்சியுள்ளன? அவை மனையாக மாறாமல் இருக்கச் சங்கம் என்ன செய்யலாம்?