வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பி கேமரா வாங்கலாமா?

போன செமஸ்டர் எங்க போட்டோகிராஃபி கிளப்புக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்க ஆளுக்கு 500 ரூபாய் போட்டு 32,000 சேர்த்தோம். கல்ச்சுரல்ஸ் நைட் எடுக்கணும். அதனால ஒரே ஒரு கண்டிஷன்தான்: வெளிச்சம் கம்மியா இருந்தாலும் படம் நல்லா வரணும். குரோம்பேட்டையில ஒருத்தர், மேடவாக்கத்துல ஒருத்தர், ரெண்டு பேர் விற்கத் தயாரா இருந்தாங்க. ரெண்டு பேருமே ஐஎஸ்ஓ 6400ல் எடுத்த மேடைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாங்க. ரெண்டும் பளிச்சுனு இருந்துச்சு. விலை குறைவான குரோம்பேட்டை கேமராவுக்கு அட்வான்ஸ் போடப் போற நேரத்துல செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணா, ஒரிஜினல் ஃபைல் பார்த்தீங்களா?"

பார்க்கலை. கேட்டு வாங்கி லேப்டாப்பில் திறந்தா, மேடையோட கறுப்புத் திரை முழுக்க சிவப்பும் பச்சையுமா புள்ளி. அதே படம்தான். அப்போ போன்ல எப்படி அவ்வளவு சுத்தமா தெரிஞ்சது?

முதல்ல இந்தப் புள்ளி எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். தூறல் போடும்போது மொட்டை மாடியில பத்து டம்ளரை வரிசையா ஒரு நிமிஷம் வையுங்க. ஒண்ணுல 7 துளி, பக்கத்துல 12, இன்னொண்ணுல 9 என்று விழும். மழை எல்லா இடத்திலும் ஒரே அளவுதான், ஆனாலும் எண்ணிக்கை மாறும். சென்சாரில் உள்ள பிக்சல்களும் இந்த டம்ளர்கள் மாதிரிதான், விழுவது ஃபோட்டான். சராசரியாக 100 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 10. இது 10 சதவீதம், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். இருட்டில் நாய்ஸ் வருவதற்கு முதல் காரணம் இதுதான். ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் கூடாது. இருக்கிறதை ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் பெரிசாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

இப்போ வாட்ஸ்அப்புக்கு வருவோம். ஒரிஜினல் படம் 6000 × 4000, அதாவது 24 மெகாபிக்சல். எங்களுக்கு வந்தது 1600 × 1067, சுமார் 1.7 மெகாபிக்சல். கிட்டத்தட்ட 14 பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டது. 14 டம்ளர் தண்ணீரை ஒரே சொம்பில் ஊற்றிய மாதிரி. நாய்ஸ் 14-இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கணக்குப்படி பார்த்தால் 6400-இல் எடுத்த படம் 400-இல் எடுத்த மாதிரி தெரியும். விற்கிறவர் பொய் சொல்லவில்லை; நாங்க பார்த்தது கேமராவோட வேலையை இல்லை, சுருக்கினதோட பலனை.

அதுக்கு மேல ஜேபெக் அமுக்கம். படத்தை 8 × 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் அலை, வேகமாக மாறும் அலை என 64 எண்களாக மாற்றும். வேகமாக மாறுகிறவற்றைக் கண் அதிகம் கவனிக்காது என்பதால் முதலில் அவற்றைத்தான் வெட்டும். நாய்ஸ் இருப்பதும் அங்கேதான், தலைமுடி, ஜரிகை மாதிரி நுணுக்கங்கள் இருப்பதும் அங்கேதான். ரெண்டும் சேர்ந்து போயிடும். இந்த 64 எண்களைத் தருகிற டிசிடி கணக்கு நம்மாட்களுடையது என்பது பல பேருக்குத் தெரியாது. 1974-இல் அந்தக் கட்டுரையை எழுதிய மூவர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அகமது பெங்களூருவில் இன்ஜினியரிங் படித்தவர். ராவ் நம்ம கிண்டி பொறியியல் கல்லூரி, 1952 பேட்ச். தாம்பரத்துல ஏறி பீச் போற வழியில தினமும் தாண்டுற அதே கிண்டிதான்! 1972-இல் அகமது இதற்கு ஆராய்ச்சி நிதி கேட்டபோது, யோசனை ரொம்ப எளிமையா இருக்குன்னு அமெரிக்காவில் மறுத்துவிட்டார்கள். 1992-இல் வந்த ஜேபெக் தரம் அதன் மேல்தான் நிற்கிறது.

சரி, ஒழுங்கா டெஸ்ட் பண்றது எப்படி? ரெண்டு பேரையும் கேமராவோட கிழக்குத் தாம்பரத்துல ஒரு ஃப்ரெண்ட் ரூமுக்கு வரச் சொன்னோம். ஒரே ஒரு எல்இடி பல்பு. மேசை மேல ஒரு செய்தித்தாள், விரிச்ச கறுப்புக் குடை, நாலு கலர் நூல்கண்டு. பொடி எழுத்து நுணுக்கத்துக்கு, குடை இருட்டுக்கு, நூல் நிறத்துக்கு. ட்ரைபாடில் வைத்து மேனுவல் மோடில், இரண்டு கேமராவுக்கும் ஒரே அப்பெர்ச்சர், ஒரே ஷட்டர். ஆட்டோ ஐஎஸ்ஓ, நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்து, ரா கோப்பாக எடுத்தோம். ஐஎஸ்ஓ 800, 1600, 3200, 6400, 12800 என்று ஏற்றும்போது அப்பெர்ச்சரை அப்படியே வைத்து ஷட்டர் நேரத்தை மட்டும் பாதியாக்கிக்கொண்டே போனோம்.

இங்கே ஒரு தடவை சொதப்பினோம். 1/400-க்குப் போனதும் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு. கேமரா ரிப்பேர்னு நினைச்சு விற்கிறவர் முகமே மாறிடுச்சு. குற்றவாளி பல்பு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் 1/100, 1/50, 1/25 என இருந்தால் முழு முழுச் சுற்றாகப் பிடிக்கும், கோடு வராது. பல்பைத் தள்ளி வைத்து வெளிச்சத்தைக் குறைத்து, 1/400-இல் தொடங்குவதற்குப் பதிலாக ஷட்டரை 1/50-லேயே நிறுத்தி, அப்பெர்ச்சரைக் கூட்டிக் குறைத்து மறுபடி எடுத்தோம். (டெஸ்ட் பண்றேன்னு விமானப்படைத் தளம் பக்கம் ராத்திரி ட்ரைபாடோட போய் நிற்காதீங்க. அங்கே படம் எடுக்கத் தடை.)

1600 வரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 6400-இல் மேடவாக்கம் கேமராவின் குடையில் மணல் தூவின மாதிரி புள்ளி; குரோம்பேட்டை கேமராவில் புள்ளியோடு கிடைக்கோடுகளும் இருந்தன. என்னைக் கேட்டால் புள்ளியை மன்னிக்கலாம், கோட்டை மன்னிக்க முடியாது. புள்ளி சராசரியில் கரையும், கோடு கரையாது. 3,000 ரூபாய் கூடக் கொடுத்து மேடவாக்கம் கேமராவை வாங்கினோம். அந்த 3,000-ஐ இன்னும் எனக்கு யாரும் தரலை என்பது தனிக் கதை.

இதுக்கப்புறம் கிளப் குரூப்பில் நானே ஒரு ரூல் போட்டேன்: "இனிமே எல்லாரும் படத்தை டாக்குமென்ட்டா அனுப்புங்க, தரம் குறையாது." இருநூறு பேர் இருக்கிற குரூப். ரெண்டாவது நாள் ஒரு ஜூனியர் தங்கச்சி வீட்டு மொட்டை மாடியிலிருந்து போன்ல எடுத்த நிலாப் படத்தைப் போட்டாங்க. யாரோ விவரத்தைத் திறந்தா, மேப்பில் சரியா அவங்க வீட்டு மேலேயே புள்ளி. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடத் தகவல் நீக்கப்பட்டுவிடும். டாக்குமென்ட்டாகப் போனால் ஃபைல் அப்படியே போகும், ஜிபிஎஸ் உட்பட. எல்லாருக்கும் டெலீட் கொடுத்தாங்க. ஆனா அதுக்குள்ள சேவ் பண்ணினவங்க போன்ல அது இருக்கத்தான் செய்யும். தப்பு அவங்க மேல இல்லை, பாதி மட்டும் யோசிச்சு ரூல் போட்ட என் மேல.

இப்போ ரூலை மாத்திட்டோம். போன் கேமரா செட்டிங்கில் லொக்கேஷன் டேகை அணைத்துவிட்டு எடுங்க. ஏற்கெனவே எடுத்த படம்னா கேலரியில் இடத் தகவலை நீக்குங்க. லேப்டாப்பில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளும் இதைச் செய்யும். நீக்கின பிறகு ஃபைலின் விவரத்தை நீங்களே ஒரு தடவை திறந்து, மேப் வரலைன்னு பார்த்துட்டு குரூப்பில் போடுங்க.