நாயின் இதயத்தில் ஒரு புழு

மலேரியாவையும் யானைக்கால் நோயையும் கொசுக்கள் பரப்புகின்றன என்பது மாணவர்கள் அறிந்ததே. நாய்களுக்கும் கொசுவால் வரும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதுவே இதயப்புழு நோய். டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் என்னும் இப்புழு, யானைக்கால் புழுவின் உறவினமாகும். அமெரிக்காவில் இது பரவலாக உள்ளது. நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களில் காணப்படுகிறது.

நோயுற்ற நாயின் இரத்தத்தில் நுண்ணிய புழுக்குஞ்சுகள் மிதக்கும். இரத்தத்தை உறிஞ்சும் கொசுவின் உடலுக்குள் இவை செல்கின்றன. வெப்பமான பருவத்தில் அங்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்ந்து, அக்கொசு வேறொரு நாயைக் கடிக்கும்போது கடிவாய் வழியே தோலுக்குள் புகுகின்றன.

புகுந்த இளம்புழு உடனே இதயத்தை அடைவதில்லை. சுமார் இரண்டு மாதம் தோலடித் திசுக்களிலும் தசைகளிலும் தங்கி, இருமுறை தோலுரித்து வளர்கிறது. பின்னரே இரத்தக் குழாயில் நுழைந்து, நுரையீரல் தமனிகளுக்கும் இதயத்தின் வலப்பகுதிக்கும் செல்கிறது. முதிர்ந்த பெண் புழு 30 செ.மீ. வரை நீளும், 5 முதல் 7 ஆண்டுகள் வாழும். நாய் இருமும், இளைக்கும், சிறிது ஓடினாலும் களைக்கும், இறக்கவும் நேரிடும்.

மாதம் ஒரு மாத்திரை ஏன்?

ஜப்பானிய மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரியிலிருந்து, அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் குழுவினர் ஐவர்மெக்டின் மருந்தை உருவாக்கினர். 2015-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர். 1987 முதல் அமெரிக்காவில் இம்மருந்து நாய்களுக்கு மாதம் ஒருமுறை தரப்படுகிறது.

இன்று விழுங்கிய மாத்திரை வரும் மாதம் முழுவதும் காவல் காக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. கடந்த மாதத்தில் உடலுக்குள் புகுந்த இளம்புழுக்களையே அது கொல்கிறது. இளம் பருவமாதலால் மிகச் சிறிதளவு மருந்தே போதும். மாத்திரையைத் தவறவிட்டால் புழுக்கள் அந்தப் பருவத்தைக் கடந்துவிடும். பிறகு அதே அளவு மருந்து பயன் தராது. முதிர்ந்த புழுக்களைக் கொல்ல ஊசி மருந்து உண்டு. ஆனால் செத்த புழுக்கள் நுரையீரலின் இரத்தக் குழாய்களை அடைக்கக்கூடும். ஆகவே நாயை வாரக்கணக்கில் ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

மாத்திரையைத் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்தல் அவசியம். மருந்தின் அளவையும் அவரே கூற வேண்டும்.

குளிர் மிகுந்த நாடுகளில் கொசுக்கள் மறைந்த பிறகும் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஏன்? விடையை இப்போது நீங்களே கூறலாம்!