மீதிச் சில்லறை யாருடையது?



கடைத்தெருவில் நமது டிரஸ்ட் வைத்திருக்கும் உண்டியல்களை மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடுத்துவந்து, இஷா தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் பாய் விரித்து எண்ணுவது வழக்கம். சென்ற முறை மளிகைக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவரும் உடனிருந்தார். அவருடைய கடை உண்டியலில்தான் எப்போதும் காசு அதிகம். "மாஷா அல்லாஹ், உங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தாராள மனசு" என்றோம். அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "அவங்க எங்க பாய் போடுறாங்க? கூட்ட நேரத்துல ஒரு ரூபா ரெண்டு ரூபாயைத் தேடிக்கிட்டு நிக்க முடியாது. அவங்களும் கேக்காம போயிடுறாங்க. ராத்திரி கல்லா கணக்குப் பாக்கும்போது அந்த மீதியை எடுத்து உண்டியல்ல போட்டுடுவேன். நம்ம வச்சுக்கலையே, நல்ல காரியத்துக்குத்தானே போகுது."

எண்ணிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவர் நேர்மையான மனிதர். தனக்கென்று ஒரு பைசா எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தக் காசு அவருடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை. இந்த மாதப் பாடத்திற்கு வேறு தலைப்புத்தான் வைத்திருந்தோம். அதை ஒத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறோம்.

48 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 50 ரூபாய் கொடுத்தால், அந்த 2 ரூபாய் கடைக்காரர் கையில் இருக்கும் பிறர் சொத்து. கொடுக்கும்வரை அது கடன். வாங்கியவர் பேசாமல் போனதால் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஆகாது. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள், ஒரு ரூபாய்க்கு நிற்கிறானே என்று நினைப்பார்களே என்ற வெட்கம் அவரைப் போகவைக்கிறது. "இருக்கட்டும், வச்சுக்குங்க" என்று அவரே மனதாரச் சொன்னால் அது வேறு. அப்போது கல்லாவில் போட்டாலும் குற்றமில்லை. சொல்லாதவரிடம் நாம்தான் கேட்கவேண்டும்.

சின்னத் தொகைதானே என்பார்கள். கைபர் போருக்குப் பின், பங்கிடாத பொதுப்பொருளிலிருந்து எடுத்த ஒன்றிரண்டு செருப்பு வார்களை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தபோது, அதுவும் நெருப்பே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் இருக்கிறது. செருப்பு வாரின் விலை என்ன இருந்துவிடப் போகிறது? கணக்காகப் பார்த்தாலும், நாளுக்கு 150 பேரிடம் ஒரு ரூபாய் நின்றுபோனால் மாதத்திற்கு 4,500 ரூபாய். 150 பேர் விட்டது ஆளுக்கு ஒரு ரூபாய்தான். வைத்திருப்பவரிடம் சேர்ந்தது அப்படியல்ல.

மிட்டாய் கொடுப்பதும் இந்த வகைதான். வியாபாரம் என்றால் இரு தரப்பும் பொருந்திக்கொள்ள வேண்டும். கேட்காமல் கையில் திணிக்கும் மிட்டாயை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. "சில்லறை இல்லை, மிட்டாய் தரட்டுமா?" என்ற ஒரு கேள்வி போதும், சரியாகிவிடும். வேண்டாம் என்றால் ஒரு நோட்டுப்புத்தகத்தில் பெயரையும் பாக்கியையும் எழுதி வையுங்கள். நம் பெரியவர்கள் கடைகளில் அப்படித்தான் இருந்தது. இப்போது மீதியை ஜிபே-யில் அனுப்பிவிடும் கடைகளும் உண்டு. நல்லதுதான், ஆனால் கைபேசி இல்லாத பெரியம்மாவுக்கு அது உதவாது. முகம் தெரியாதவர் மறந்துவிட்டுப் போனால் தனி டப்பாவில் வைத்துக் காத்திருங்கள். வரவே மாட்டார் என்று ஆனபிறகு அவர் பெயரால் தர்மம் செய்யலாம். பிறகு ஒருநாள் வந்து கேட்டால் உங்கள் கையிலிருந்து கொடுத்துவிட வேண்டும்.

இனி நம்முடைய தவறு. உண்டியலில் சேரும் 10 ரூபாய் நாணயங்களை வங்கிக்குச் சுமப்பது சிரமம் என்று, விதவைகளுக்கான மாத உதவித்தொகையில் ஒரு பகுதியை நாணயமாகவே கொடுத்துவந்தோம். ஒருநாள் வயதான பெண்மணி ஒருவர் முந்தானையில் முடிந்த காசை மேசைமேல் கொட்டினார். "நாலு கடை ஏறி இறங்கிட்டேன் தம்பி. யாரும் வாங்க மாட்டேங்குறாங்க. மாத்திரை வாங்கணும், நோட்டா குடுங்க" என்றார். 50 நாணயங்கள், 500 ரூபாய். உதவி என்று கொடுத்தோம். அவரால் அதைக் கொண்டு ஒரு மாத்திரை அட்டை வாங்க முடியவில்லை. நம் வேலை மிச்சமாகட்டும் என்று நம் சுமையை அவர் தலையில் ஏற்றியிருக்கிறோம். அன்றே நோட்டாக மாற்றிக் கொடுத்து, ஹலால் பண்ணிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டோம்.

10 ரூபாய் நாணயத்தை மறுப்பதற்கு வதந்தி தவிர வேறு காரணம் கிடையாது. மேலே 10 கோடு இருந்தால் நல்லது, 15 கோடு இருந்தால் போலி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வெவ்வேறு காலத்தில் 14 வடிவங்களில் வெளியானவை எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ரூபாய்க் குறி உள்ளதும் செல்லும், இல்லாததும் செல்லும். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லும். 50 பைசா நாணயம் 10 ரூபாய் வரை. (25 பைசாவும் அதற்குக் கீழானவையும்தான் 2011 ஜூன் 30உடன் போய்விட்டன. 50 பைசா இன்றும் சட்டப்படி உயிரோடு இருக்கிறது, கண்ணில் படுவதில்லை என்றாலும்.) கடைக்காரர்களைக் கேட்டால் "நாங்க வாங்கினா அடுத்தவன் வாங்க மாட்டேங்குறானே" என்கிறார்கள். அந்த அடுத்தவரும் நம் கடைத்தெருவில்தான் இருக்கிறார். வங்கிக் கிளைகள் நாணயங்களை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நூறு நூறாக எண்ணிப் பையில் கட்டிக்கொண்டு போனால் காசாளருக்கும் சுலபம், நமக்கும் முகச்சுளிப்பு மிச்சம்.

சில்லறைக்குக் கமிஷன் வாங்குவதையும் சொல்லவேண்டும். நூறு ரூபாய் நோட்டுக்கு 95 ரூபாய் சில்லறை, பெருநாள் காசு கொடுப்பதற்காக 1,000 ரூபாய்க் கட்டுப் புது நோட்டுக்கு 1,100 ரூபாய் என்று நடக்கிறது. தங்கத்திற்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி என்றால் சமத்திற்குச் சமமாக, கைக்குக் கை மாறவேண்டும் என்பது நபிமொழியின் சட்டம். காகிதப் பணத்திற்கும் தங்கம், வெள்ளியின் சட்டமே பொருந்தும் என்று 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவுசெய்தது. நாணயம் வேறு, நோட்டு வேறு என்று கருதிய அறிஞர் சிலரும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே ரூபாய் என்று பார்க்கும்போது, கூடுதலாக வாங்கும் 5 ரூபாய்க்கு வட்டி என்றுதான் பெயர். பிள்ளைகளுக்குப் பழைய நோட்டையே கொடுங்கள், அவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள்.

கிழிந்த நோட்டைக் குறைந்த விலைக்கு விற்கவும் தேவையில்லை, வங்கியில் கட்டணமின்றி மாற்றலாம். 20 ரூபாய் வரையுள்ள நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழு மதிப்பு. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்திற்கு மேல் இருக்கவேண்டும். 40 முதல் 80 வரை இருந்தால் பாதி மதிப்பு. அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. இது தெரியாமல்தான் பலர் கிழிந்த நோட்டை நல்ல நோட்டுகளுக்கு நடுவே மடித்து, மங்கிய வெளிச்சத்தில் தள்ளிவிடுகிறார்கள். நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நினைவிருக்கட்டும். இங்கே மறைப்பவர் வாங்கும் பக்கம் நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆம், வாங்குபவர் பக்கமும் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு 12 ரூபாய் டீக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு, சில்லறை இல்லை என்பவரைக் கோபிப்பது நியாயமில்லை. கூடுதலாக வந்த மீதி இன்னும் கனமான விஷயம். நமக்கே நடந்தது. ஒரு துணிக்கடையில் மீதி வாங்கி, வீட்டுக்கு வந்து எண்ணினால் 200 ரூபாய் அதிகம். நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று மூன்று நாள் தள்ளிப்போட்டோம். நான்காம் நாள் போனபோது கல்லாவில் இருந்த தம்பி பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்றவர்தான் சொன்னார், குறைந்த 200 ரூபாயை அன்றைக்கே அவன் சம்பளத்தில் பிடித்துவிட்டார்களாம். நாம் கடை முதலாளியின் பணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முதலாளியிடமும் சென்று, இது அந்தப் பிள்ளையின் பணம், பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். மூன்று நாள் அவன் சுமந்ததற்கு அவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டோம்.

மளிகைக் கடை உண்டியல் காசு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எவ்வளவு அப்படி வந்தது என்று பிரிக்க வழியில்லை. அவர் நினைவில் இருந்து ஒரு தொகை சொன்னார், அதைத் தனியாக வைத்திருக்கிறோம். ஆலிம்களிடம் கேட்டதில், உரியவர்களைத் தேடுங்கள், கடையில் எழுதிப் போடுங்கள் என்றார்கள். கடை வாசலில் எழுதி ஒட்டியாகிவிட்டது. இதுவரை ஏழு பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை மூன்று ரூபாய் வாங்கிச் சென்றான். இனி எல்லா உண்டியல்களிலும் "தாங்களே போடுங்கள், கடைக்காரர் போடக் கூடாது" என்ற வரி இருக்கும். வசூல் குறையும். குறையட்டும்.

உதவித்தொகை இனி நோட்டாகவே வழங்கப்படும். சேரும் நாணயங்களை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்தபின் அலுவலகத்தில் கடைக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம். நூறுக்கு நூறு, கமிஷன் கிடையாது. பை மட்டும் கையோடு கொண்டுவாருங்கள். நம்மிடம் இருந்த பைகளெல்லாம் தீர்ந்துவிட்டன.