வெப்பமாற்றியின் திறனை மதிப்பிடுதல்

இலட்சத்தீவுகளைச் சேர்ந்த கவரத்தியில், சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-ஆம் ஆண்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை நிறுவிற்று. குறைந்த அழுத்தத்தில் மேற்பரப்பு நீர் ஆவியாகின்றது. சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீர் ஓடும் குழாய்களின்மீது அவ்வாவி மீண்டும் நீராகின்றது.

நாளொன்றுக்கு 1,00,000 லிட்டர் எனின், நொடிக்கு 1.16 கிலோகிராம். ஒரு கிலோகிராம் ஆவி நீராகுங்கால் ஏறக்குறைய 2,450 கிலோஜூல் வெப்பத்தை விடுகின்றது. ஆகவே, குழாய்கள் ஏற்கவேண்டிய வெப்பம் சுமார் 2,840 கிலோவாட்.

குளிர்நீரின் ஓட்டத்தையும் வெப்பநிலை உயர்வையும் அளந்து, ஏற்ற வெப்பத்தைக் கணக்கிடுக. அதனைக் குழாய்ப் பரப்பாலும், ஆவிக்கும் குளிர்நீருக்குமுள்ள மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாட்டாலும் வகுக்க. அதே ஓட்டத்தில் ஈவு நாளடைவில் குறைந்து, குழாய்களின் இருமுனை அழுத்த வேறுபாடும் ஏறுமாயின் உட்படிவு எனக் கொள்க; ஏறாவிடின் காற்றுக் கசிவையும் ஆராய்க. நன்னீர் அரிதான தீவில் இக்குறையைக் காலத்தே காண்டல் இன்றியமையாதது.