மென்பொருளைப் பெறும் மூன்று வழிகள்
ரயில்வே முன்பதிவு தரும் பாடம்

கணிப்பொறியைக் கொண்டு வேலை செய்ய விரும்பும் எந்த ஸ்தாபனமும் முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வேண்டிய மென்பொருளைத் தன் ஊழியரைக் கொண்டே இயற்றிக் கொள்வதா, ஆயத்தமாகக் கிடைப்பதை விலைக்கு வாங்குவதா, வெளி நிறுவனம் ஒன்றிடம் வேலையை ஒப்படைப்பதா என்பதே அது. மூன்றுக்கும் ஆகும் விலையை ஒப்பிட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதே பெருவழக்காக உள்ளது. ஆனால் விலைப்பட்டியல் கூறுவது மிகச் சிறிதே. மென்பொருள் ஒன்று பத்து, இருபது ஆண்டுகள்கூட உழைக்கிறது. அக்காலம் முழுவதும் அதனைத் திருத்தவும் மாற்றவும் ஆகும் செலவு, அதனை முதலிற் பெற ஆன செலவைப் பெரும்பாலும் மிஞ்சிவிடுகிறது. ஆகவே, விதிகள் மாறும்போது மென்பொருளை மாற்றும் ஆற்றல் யாரிடம் இருக்கும் என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

இக்கேள்வி கணிப்பொறிக்கு முன்னரே எழுந்தது. ஒரு நிறுவனம் சிலவற்றைத் தானே செய்துகொள்வதும், சிலவற்றை வெளியே வாங்குவதும் எதனால் என்பதை 1937-இல் பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ் ஆராய்ந்தார். வாங்குவதற்கும் ஒரு செலவு உண்டு என்று அவர் காட்டினார். விலை விசாரித்தல், பேரம் பேசுதல், ஒப்பந்தம் எழுதுதல், அது நிறைவேறுகிறதா என்று கண்காணித்தல் ஆகிய யாவும் செலவே. ஒரே ஒரு வாங்குவோருக்கென்று தனித்து அமையும் பொருளில் இச்செலவு மிகும் என்பதைப் பின்னர் அமெரிக்கரான ஆலிவர் வில்லியம்சன் விளக்கினார். கோஸுக்கு 1991-லும் வில்லியம்சனுக்கு 2009-லும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இவர்களுடைய கருத்து நடைமுறையில் எவ்வாறு பொருந்துகிறது என்பதை இந்திய ரயில்வேயின் முன்பதிவு வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

பதிவேட்டில் இருந்த விதிகள்

1985-க்கு முன் படுக்கைகளும் இருக்கைகளும் பெரிய பதிவேடுகளில் கையால் எழுதியே ஒதுக்கப்பட்டன. பார்வைக்கு இது எளிய வேலை. உண்மையில் அதன் சிக்கல் பெரிது. தில்லியிலிருந்து ஹௌரா செல்லும் வண்டியில் ஒரே படுக்கையைக் கான்பூர் வரை ஒருவருக்கும், கான்பூரிலிருந்து ஹௌரா வரை வேறொருவருக்கும் கொடுக்கலாம். வண்டி நிற்கும் நிலையங்கள் பத்து எனக் கொண்டால், ஏறுமிடமும் இறங்குமிடமுமாக 45 ஜோடிகள் உண்டாகின்றன. (பத்தை ஒன்பதால் பெருக்கி இரண்டால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் வரைந்தே காட்டலாம்.) இதனோடு பெண்களுக்கான ஒதுக்கீடு, இராணுவத்தினருக்கான ஒதுக்கீடு, அவசர ஒதுக்கீடு, இடைநிலையங்களுக்கான ஒதுக்கீடு, காத்திருப்போர் பட்டியல் ஆகியவை சேர்கின்றன. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவருக்கு இருக்கையாகக் கொடுத்து, வேறொரு பயணி சீட்டை ரத்துச் செய்தால் அவருள் ஒருவருக்குப் படுக்கை தரும் ஆர்.ஏ.சி. முறையும் உண்டு.

விமானப் பயண முன்பதிவுக்கான மென்பொருள்கள் அமெரிக்காவில் 1960-களிலேயே வேலை செய்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து அமைத்த 'சேபர்' அவற்றுள் புகழ் பெற்றது. ஆனால் அரைப் படுக்கையை விற்கும் வழக்கம் விமானத்தில் இல்லை. இந்திய ரயில்வேயின் விதிகள் இந்திய ரயில்வேக்கே உரியவை. இத்தகைய விதிகளுள் பல சுற்றறிக்கைகளிலும், சில முன்பதிவு எழுத்தரின் பழக்கத்திலும் இருப்பது எந்த அலுவலகத்திலும் காணக்கூடியதே. மென்பொருள் இயற்றுவோர் அவற்றை எழுத்தரின் மேசையருகே அமர்ந்தே அறிந்துகொள்ள முடியும்.

ரயில்வே முதலில் மேற்கொண்டது ஒப்படைக்கும் வழி. பொதுத்துறை நிறுவனமாக இருந்த சி.எம்.சி. 'இம்ப்ரஸ்' என்னும் மென்பொருளை இயற்றிக் கொடுக்க, 1985 நவம்பரில் புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. இன்ன வண்டிக்கு இன்ன ஜன்னல் என்று வரிசை மாறி நின்ற பயணிகள், எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெற்றனர். தில்லியைத் தொடர்ந்து பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் மையங்கள் அமைந்தன. எனினும் ஒவ்வொரு மையமும் தனித்து நின்றது. ஒன்றின் பொறுப்பிலுள்ள வண்டியில் மற்றொன்று தானாக இடம் கொடுக்க இயலவில்லை.

இக்குறையை நீக்கும் வேலை ரயில்வேயின் கைக்கே வந்தது. 1986-இல் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் 'கிரிஸ்' என்னும் ரயில்வே தகவல் அமைப்பு மையம் தோற்றுவிக்கப்பட்டிருந்தது. வண்டிப் போக்குவரத்தையும் வணிகப் பிரிவையும் நன்கறிந்த ரயில்வே அதிகாரிகளும், நிரல் எழுதும் நிபுணர்களும் அங்கு ஒரே கூரையின்கீழ்ப் பணிபுரிந்தனர். அவர்கள் இயற்றிய 'கான்சர்ட்' 1994-இல் செகந்திராபாத்தில் நிறுவப்பட்டது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் இணைந்தன.

மாற்றும் ஆற்றல் கைவசம் இருந்ததன் பயன் பிறகே முழுதும் தெரிந்தது. தத்கால் முறை 1997-இல் வந்தது. அதன் நாள் கணக்கும் கட்டணமும் பின்னர்ப் பலமுறை மாறின. முன்பதிவுக்கான காலவரம்பு 2015 ஏப்ரலில் 60 நாளிலிருந்து 120 நாளாயிற்று. 2024 நவம்பரில் மீண்டும் 60 நாளாயிற்று. இவ்வகை ஆணை ஒவ்வொன்றுக்கும் வெளி நிறுவனத்திடம் மதிப்பீடு கேட்டு, பேரம் பேசி, ஒப்பந்தத் திருத்தம் எழுதுவதெனில், ஆணை நடைமுறைக்கு வருமுன்னரே அடுத்த ஆணை பிறந்துவிடும்.

வாங்குவது எப்போது தகும்?

சரக்குப் போக்குவரத்தில் ரயில்வே வேறு வழியில் முயன்றது. கனடா நாட்டு ரயில்வேயில் பயன்பட்ட மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு 1980-களில் வேலை தொடங்கியது. வட அமெரிக்க ரயில்வேக்களில் வேகன்களைத் தனித்தனியே சேர்த்தும் பிரித்தும் அனுப்பும் முறை பெரிதும் வழங்கியது. இந்தியாவிலோ அதே காலத்தில் நிலக்கரி, சிமெண்டு, உணவு தானியம் முதலியவை முழு வண்டித்தொடராக, அதாவது 'ரேக்' ஆகச் செல்லும் முறை மேலோங்கி வந்தது. நாடு முழுவதும் பின்னர்ப் பரவிய சரக்கு அமைப்பில் முதலிடம் பெற்றது ரேக் நிர்வாகப் பகுதியே. விலைக்கு வாங்கும் மென்பொருளோடு அதை ஆக்கியவரின் வேலைமுறையும் உள்ளே வருகிறது என்பதை வாங்குவோர் மறந்துவிடுவது வழக்கம்.

இதனால் வாங்குவதே தவறென்று கொள்ளலாகாது. கணக்கெழுதும் மென்பொருளை நோக்குக. பற்று வரவு எல்லா வியாபாரிகளுக்கும் ஒன்றே. வரி விதியை மாற்றுவது வியாபாரி அல்ல, அரசாங்கம். 1-7-2017 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, ஆயத்த மென்பொருளை விற்போர் ஒருமுறை திருத்தம் செய்து ஆயிரக்கணக்கான வாடிக்கையாளருக்கு வழங்கினர். சொந்தமாகக் கணக்கு மென்பொருள் இயற்றி வைத்திருந்தவர் அதே வேலையைத் தனக்கென்று தானே செய்துகொள்ள நேர்ந்தது. இங்கு வாங்கியவரே புத்திசாலி. ஆனால் வாங்கிய விலையோடு செலவு முடிவதில்லை. பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் விலையில் ஐந்திலொரு பங்கு வரை செலுத்த நேர்வதுண்டு. அவ்வாறாயின் ஐந்தாண்டில் மென்பொருளை இரண்டாம் முறை வாங்கியதாகிறது.

ஒப்படைப்பதிலும் எல்லை வகுப்பதே சாமர்த்தியம். பாஸ்போர்ட் சேவைக்கு 2008-இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. சேவை மையங்களில் விண்ணப்பத்தைப் பதிந்து, புகைப்படமும் விரல்ரேகையும் எடுக்கும் முதல் மேசை நிறுவன ஊழியருடையது. ஆவணங்களைச் சரிபார்ப்பதும் பாஸ்போர்ட் வழங்கலாமா என்று தீர்மானிப்பதும் அரசாங்க அதிகாரிகளின் மேசைகள். எந்த வேலையை விட்டுக் கொடுக்கலாம், எதனை விட்டுக் கொடுக்கலாகாது என்பது மேசை வரிசையிலேயே தெரிகிறது. மூல நிரல் யாருக்கு உரியது, தகவல் எவ்வடிவில் திரும்பி வரும், ஒப்பந்தம் முடியும்போது வேலையைக் கைமாற்றித் தருவது யார் செலவில் என்ற மூன்றும் கையெழுத்துக்கு முன்பே எழுதப்பட வேண்டியவை. பின்னர்க் கேட்டால் விலை வேறு.

சொந்தமாக இயற்றுவோருக்கும் அபாயம் உண்டு. நிரலை எழுதிய இருவர் குறிப்பெதுவும் எழுதி வைக்காமல் வேலையை விட்டு நீங்கினால், ஸ்தாபனம் தன் பழைய ஊழியரிடமே கைகட்டி நிற்க நேரும். நிரலரை நிலையாக வைத்துக்கொள்ள இயலாத சிறு ஸ்தாபனங்கள் இவ்வழியை மேற்கொள்ளாதிருப்பதே நலம்.

மூன்று வழிகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. 2002 ஆகஸ்டு முதல் இணையத்தில் விற்கப்படும் ரயில் சீட்டு ஒன்றிலேயே மூன்றும் உள்ளன. படுக்கையை ஒதுக்கும் நிரல் ரயில்வேயின் சொந்த ஆக்கம். அந்நிரல் இயங்கும் கணிப்பொறிகள் விலைக்கு வாங்கப்பட்டவை. பணம் செலுத்தும் வேலை வங்கிகளிடமும் பணப் பரிமாற்ற நிறுவனங்களிடமும் விடப்பட்டது.

கிராமங்களில் பணிபுரியும் களப் பணியாளர் இதே பாகுபாட்டைப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் செய்து பார்க்கலாம். சங்கத்தில் பாலின் அளவு, கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள் ஆகியவற்றைப் பதிவு செய்து, விலை கணக்கிட்டு, உறுப்பினருக்குப் பணம் பட்டுவாடா செய்ய மென்பொருள் தேவைப்படுகிறது எனக் கொள்க. விலை அட்டவணையை நிர்ணயிப்பது மாவட்ட ஒன்றியமாயின், அதனைக் கணக்கிடும் பகுதியை ஒன்றியமே வைத்துக்கொண்டு எல்லாச் சங்கங்களுக்கும் கொடுக்கலாம். ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே இயற்றினால், அட்டவணை மாறும் நாளில் ஒரு சங்கத்தில் புதிய விலையும் அடுத்த ஊரில் பழைய விலையும் வழங்கும். தராசையும் கொழுப்புமானியையும் கணிப்பொறியோடு இணைக்கும் பகுதி அக்கருவிகளை விற்பவரிடமே கிடைக்கும். சங்கத்தின் சொந்த முடிவென்று எஞ்சுவது, உறுப்பினரின் கடன் தவணையையும் தீவன விலையையும் எந்தப் பட்டுவாடாவில் எவ்வளவு பிடிப்பது என்பது மட்டுமே. அவ்விதியைச் செயலாளர் தாமே மாற்றிக்கொள்ள இடமளிக்கிறதா என்பதை விற்பவரின் முன்னிலையில், சென்ற மாதப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கொண்டு, வாங்குமுன் சோதித்துக்கொள்ள வேண்டும்.