மூன்றாம் வகுப்பு அறிவியல் நோட்டை இன்றே திறந்து பாருங்கள்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மூன்றாம் வகுப்பில்தான் அறிவியல் தனிப் பாடமாகிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்பதை ரேங்க் கார்டு சொல்லாது. ஆறாம் வகுப்பில் வண்டவாளம் தெரியவரும்போது பிள்ளைக்குப் பாடமே கசந்துபோயிருக்கும்.

செய்ய வேண்டியவை

• இன்று ராத்திரியே நோட்டைப் புரட்டுங்கள். கூடப் படிக்கும் பிள்ளையின் நோட்டிலும் அதே வாக்கியம், அதே கமா என்றால் எல்லாம் போர்டைப் பார்த்து எழுதியது. கோணல்மாணலாகப் பிள்ளையே வரைந்த படம் இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

• "இன்னிக்கு எதைத் தொட்டுப் பார்த்தே?" என்று கேளுங்கள். "என்ன படிச்சே?" என்றால் பாடத் தலைப்புதான் பதிலாக வரும்.

• மூன்று கிண்ணங்களில் பச்சைப்பயறு போடுங்கள்: ஈரப் பஞ்சில் ஒன்று ஜன்னலோரம், ஒன்று இருட்டு அலமாரியில், மூன்றாவது காய்ந்த பஞ்சில். எது முளைக்கும் என்று பிள்ளையை முதலிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். இருட்டில் வைத்ததும் வெளிறிப்போய், நெடுநெடுவென்று முளைத்து நிற்கும். வெளிச்சம் இல்லாமல் விதை முளைக்காது என்று எழுதிய பிள்ளை அப்போது கேட்கும் கேள்விதான் அறிவியல்.

• அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர் பேச்சு முடிந்ததும் அறிவியல் சாமான்கள் எங்கே என்று கேளுங்கள். பல இடங்களில் அவை பீரோவுக்குள்தான் இருக்கும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் டீச்சருக்கு. "உடைந்தால் பரவாயில்லை" என்று பெற்றோர் தரப்பிலிருந்தே சொல்லுங்கள்.

• 'துளிர்' வாங்கிப் போடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் இதழ், 1987 முதல் வருகிறது.

செய்யக்கூடாதவை

• கடையில் ரெடிமேட் தெர்மாகோல் எரிமலை வாங்காதீர்கள். அந்த மார்க் கடைக்காரருக்குச் சேர வேண்டியது.

• மெழுகுவர்த்தி சோதனைக்குச் சொல்லப்படும் விளக்கத்தை அப்படியே நம்பாதீர்கள். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளர். திரி அணைந்ததும் தண்ணீர் ஏறும். "தீர்ந்துபோன ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது" என்பார்கள். இரண்டு மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் மேலே ஏறும். டம்ளருக்குள் ஆக்சிஜன் அதே அளவுதானே? சூடான காற்று ஆறிச் சுருங்குவதுதான் முக்கியக் காரணம்.

• மூன்றாம் வகுப்புக்குக் கைடு வாங்காதீர்கள். விடை கையில் இருந்தால் யார் யோசிப்பார்கள்?

• பிள்ளை எதிரில் டீச்சரை மட்டம் தட்டாதீர்கள். ஐந்து வகுப்புகளையும் இரண்டே ஆசிரியர்கள் சமாளிக்கும் பள்ளிகள் உண்டு. தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.

• பிளக் பாயின்ட் பக்கம் எந்தச் சோதனையும் வேண்டாம். பல்பு எரிய 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி போதும். பட்டன் பேட்டரியைத் தரவே தராதீர்கள்; விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.