ஒரே ஃபைலில் இரண்டு கை



எனக்கு ஊர் பெருமாள்மலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனாலேயே, 'கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை' என்று அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் பண்ணிய தப்புதான் இந்தக் கட்டுரை.

குழுவில் பதினான்கு பேர். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். வரவு ஏற்ற பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். ஒருநாள் சாயந்திரம், ஒரு பெயரில் எழுத்துப்பிழை திருத்தலாம் என்று அந்த ஃபைலை எங்கள் பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பின் நோட்பேடில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதற்குள் தங்கச்சி புரோகிராமை ஓட்டி அந்த வாரத் தவணையெல்லாம் ஏற்றிவிட்டாள். நான் வந்தேன், பெயரைத் திருத்தினேன், சேவ் கொடுத்தேன். நோட்பேட் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு அக்கா, "நான் கட்டின ஐநூறு எங்கப்பா?" என்றார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் முகத்தையே பார்த்துச்சு. நல்லவேளையாகக் கைநோட்டில் எல்லாம் இருந்தது.

என்ன நடந்தது? எடிட்டர் ஃபைலைத் திறக்கும்போது அதன் நகலை மெமரியில் எடுத்துக்கொள்கிறது. நாம் திருத்துவது அந்த நகலைத்தான். டிஸ்கில் உள்ளதை வேறொரு புரோகிராம் மாற்றினால் நகலுக்குத் தெரியாது. சேவ் செய்யும்போது பழைய நகல் புதியதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நல்ல எடிட்டர்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைத் திறக்கும்போதே குறித்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கும். பிராம் மூலேனார் 1991-இல் வெளியிட்ட விம் எடிட்டர், சேவ் செய்யும் முன் 'நீங்கள் படித்த பிறகு ஃபைல் மாறியிருக்கிறது, நிஜமாகவே எழுதட்டுமா?' என்று கேட்கும். ஈமாக்ஸ் அதற்கும் முந்திக்கொண்டு, திருத்த ஆரம்பிக்கும்போதே கேட்கும். விஎஸ் கோடில் நாம் எதையும் திருத்தாமல் இருந்தால் புதியதைத் தானே ஏற்றிக்கொள்ளும். திருத்தியிருந்தால் சேவ் செய்ய மறுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். எனக்குப் பிடித்தது இந்த முறைதான். வெறும் 'ஆம், இல்லை' கேட்டால் அவசரத்தில் 'ஆம்' அமுக்கிவிடுவோம்.

நேரத்தை மட்டும் நம்பவும் முடியாது. பென்டிரைவில் சாதாரணமாக இருக்கும் ஃபேட் 32 அமைப்பு, மாறிய நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒரு தடவைதான் பிரித்துக் காட்டும். அதற்குள் இரண்டு மாற்றம் நடந்தால் ஒன்றுபோலவே தெரியும். விம் ஃபைலின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறது.

அடிக்கடி போய்ப் பார்ப்பதற்குப் பதில், மாறியதும் ஆபரேட்டிங் சிஸ்டமே சொல்லட்டும் என்பது இன்னொரு வழி. லினக்ஸில் 2005-இல் 2.6.13 கெர்னலோடு வந்த ஐநோட்டிஃபை இதற்குத்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல புரோகிராம்கள் பழைய ஃபைலில் எழுதாமல், புதிதாக ஒன்றை எழுதி அதற்குப் பழைய பெயரை வைத்துவிடும். பழையதையே காவல் காத்தால் ஆள் போன வீட்டைக் காத்த கதைதான். ஆகவே ஃபோல்டரையும் கவனிக்க வேண்டும்.

பூட்டுப் போடலாமே என்பீர்கள். வேர்டு அப்படித்தான் செய்கிறது. ஒருவர் திறந்த டாக்குமெண்டை இன்னொருவர் திறந்தால் 'உபயோகத்தில் உள்ளது' என்று சொல்லும். ஆனால் லினக்ஸில் ஃபிளாக் என்கிற பூட்டு வெறும் ஒப்பந்தம். பூட்டு இருக்கிறதா என்று பார்க்கும் புரோகிராமைத்தான் அது தடுக்கும். பார்க்காதது நேரே உள்ளே போய் எழுதும்.

என் புரோகிராமில் இப்போது எழுதும் முன் நேரம் பார்க்கிறேன். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு கண் சிமிட்டும் இடைவெளி இன்னும் இருக்கிறது. அதனால் பெயர் திருத்துவதையும் அந்தப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். வீட்டில் யாரும் இனி அந்த ஃபைலை நோட்பேடில் திறப்பதில்லை. குழுவின் கைநோட்டும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.